நடுங்குவது கைதான், பழைய நோய் அல்ல

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு அக்காவின் கடிதம். மனம் சில காலம் எல்லை மீறிப் பொங்கியும் சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்தும் போகிற இருமுனைக் கோளாறுக்கு ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடும் தம்பி, கன்னடியன் கால்வாய்க் கரையில் தெருக்காரர்கள் சேர்ந்து போட்டிருக்கும் காய்கறித் தோட்டத்தில் மூன்று மாதமாக வேலை செய்கிறார். இப்போது கை நடுங்குகிறது. 'பழையபடி ஆரம்பிச்சிட்டு, அவன் கையில மம்பட்டி கொடுக்காதீங்க' என்கிறார்களாம்.

அம்மா, முதலில் அந்த முதுகுவலி மாத்திரையை நிறுத்துங்கள். பத்து நாளாக மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பதாகக் கடிதத்தின் கடைசியில், வெயிலையும் சாண உரத்தையும் பற்றிக் கேட்டதற்கும் கீழே, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்த வரி அது ஒன்றுதான். லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் அதைத் தடுத்துவிடும். போதாததற்கு வைகாசி வெயிலில் மண் வெட்டி வியர்வையில் உப்பும் தண்ணீரும் போனால், உப்பைக் காப்பாற்றப் பார்க்கிற சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் சாதாரணம். ஆனால் புதிதாகக் கூடியிருக்கிறதே, தம்ளரில் தண்ணீர் தளும்புகிறது என்கிறீர்களே, அதை விடக்கூடாது. இன்றைக்கே அவருடைய மனநல மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்று அட்டையைக் காட்டி, ரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் முறை. பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அளவு அது, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் இதில் ஒன்று சேர்ந்தாலும் அடுத்த வேளை லித்தியம் கொடுக்காமல், அளவு நேரமெல்லாம் பார்க்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நோய் திரும்புவதற்குக் கை நடுக்கம் அடையாளம் அல்ல. மனம் பொங்குகிற கட்டம் திரும்பினால் தூக்கம் போகும், பேச்சு கூடும், காசு கண்டபடி கரையும். அவர்தான் ஒன்பது மணிக்குப் படுத்தால் விடியும்வரை தூங்குகிறார் என்கிறீர்களே! தெரு சொல்வதைக் கேட்டு நீங்களும் நடுங்க வேண்டாம்.

வெயிலுக்குத் தலையில் துண்டு போதும், உரத்துக்கு சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். தோட்ட வேலையே மருந்து, மாத்திரையை விட்டுவிடலாம் என்று யூடியூபில் சொன்னவர், நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. தோட்டமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். குடிக்க நிறையத் தண்ணீர் கொடுங்கள், உப்புப் போட்ட நீத்தண்ணியும் நல்லது, சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது மம்பட்டியைப் பற்றி. மனநோய் உள்ளவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடி வாங்குகிறவர்களாக இருப்பதுதான் அதிகம். ரத்த அளவு சரியாகிற வரை சில நாள் ஓய்வெடுக்கட்டும், அப்புறம் அதே மம்பட்டியை அவர் கையிலேயே கொடுங்கள். 'பாவம், ஓரமா உட்காரட்டும்' என்று தனிப் பாத்தி ஒதுக்கினால் அதுவும் விலக்கி வைப்பதுதான். எல்லோரையும் போலத் தண்ணீர் பாய்ச்சும் முறையும் மோட்டார் சாவியும் அவருக்கும் வர வேண்டும். மேடை போட்டுப் பேசுவதைவிட, பக்கத்துப் பாத்தியில் குனிந்து களை பிடுங்கியபடி, 'தடியங்காய்க் கொடி எங்கே ஏத்தலாம்?' என்று நாலு பேர் அவரிடம் கேட்பது பயத்தைக் குறைக்கும். நடுக்கத்துக்குக் காரணம் வலி மாத்திரை என்று தெரிந்தால் தெருவில் மறைக்காமல் சொல்லுங்கள், தம்பிக்குச் சம்மதம் இருந்தால் மட்டும்.

அவர் பறித்துக் கொடுத்த சீனி அவரைக்காயை எதிர்வீட்டு மதினி வாங்காமல் கதவைச் சாத்தியதை எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த பறிப்பிலும் அந்த வீட்டுப் பங்கை எடுத்து வையுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.