கேரட் தோட்டத்திலேயே பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டறிய முடியுமா?

உதகைப் பக்கத்துக் கேரட்டை மூட்டை கட்டும் முன்பே, அதில் பூச்சிமருந்து எச்சம் உள்ளதா என்று கையடக்க உணரியால் அறிய முடியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளைப் பொறுத்தவரை முடியும். இவ்விரு வகைகளும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நரம்பு நொதியை முடக்குபவை; எனவே அந்நொதி தோய்ந்த தாளில் காய் கழுவிய நீரைச் சொட்டி, சில நிமிடம் கழித்து, நொதியோடு வினைபுரிந்து நிறம் தரும் பொருளைச் சேர்த்தால், மருந்தில்லாத நீரில் மஞ்சள் நிறம் பளிச்சென எழும்; மருந்திருந்தால் மங்கும். அந்த நிறத்தின் அடர்த்தியைத்தான் கருவி ஒளியால் அளக்கிறது.

மலையில் பெரிய சிக்கல் குளிர். 2,200 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் ஜனவரிக் காலையில் நொதியே மந்தமாகிவிடுவதால், சுத்தமான காயும் நஞ்சுள்ளதாகத் தோன்றும். ஒரு விவசாயியின் விளைச்சல் அப்படித் தவறாகக் கழிக்கப்படுவது கொடுமை. ஆகவே சிறு சூடேற்றியும், தூய நீரிட்ட ஒப்பீட்டுத் தாளும் கருவியில் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை ஆய்வகச் சோதனையில்தான் உறுதிசெய்ய வேண்டும்.