சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

மதுரை செல்லூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒரு வருடமாக ராத்தூக்கம் இல்லை. காஸாவில் இடிபாட்டிலிருந்து தூக்கப்படும் குழந்தைகள், வயநாட்டில் மண்ணோடு போன வீடுகள் என்று போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்காமல் விட்டால் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. பார்த்தால் மறுநாள் வேலை ஓடவில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். போதாததற்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா பக்கவாதம் வந்து கிடக்கிறார், கூட இருப்பது பாட்டி மட்டும்தான். இரவெல்லாம் முனகல். கேட்க முடியாமல் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறேன். பயிர் வாடியதைக் கண்டு வாடினாரே வள்ளலார், அந்த மனசு எனக்குச் சாபமாகிவிட்டதோ? மரத்துப்போகாமலும் உடைந்துபோகாமலும் இருப்பது எப்படி?

க.

அன்புள்ள க,

இதே மாதிரிக் கடிதங்கள் சில காலமாகவே வருகின்றன. எதற்கும் பதில் போடவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த ஹெட்செட் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வள்ளலாரை விட்டுவிடுங்கள். வாடியவர் 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பில் இன்றும் சோறு வேகிறது. நீங்கள் வாடியதில் என்ன வெந்தது?

போன் விஷயம் சின்னது. இரவு 9 மணிக்கு அதைச் சமையற்கட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பார்க்காவிட்டால் துரோகம் என்கிறீர்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, வெடித்த இடத்திலோ பக்கத்திலோ இருந்தவர்களைவிட மன அழுத்தம் கூடுதலாக இருந்தது என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். அங்கே இருந்தவர்களுக்கு ஓடவும் அடுத்தவரைத் தூக்கவும் வேலை இருந்தது, அதனால்தான் என்பது என் ஊகம். பணம் அனுப்ப முடிந்தால் சம்பளத்தன்று ஒரு தொகை அனுப்புங்கள். அன்றோடு சரி.

எங்கோ இருக்கும் பிள்ளைக்குக் கண்ணீர், ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம் முனகுகிறவருக்கு ஹெட்செட். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. திரையில் தெரியும் பிள்ளை எழுந்து வந்து உங்களிடம் ஒன்றும் கேட்காது. தாத்தா கேட்டுவிடுவார். பயம் அதுதான்.

அவர் எதற்கு முனகுகிறார் என்று போய்ப் பார்த்தீர்களா? துணி நனைந்திருக்கலாம், இரண்டு நாளாக வயிறு போகாமல் இருக்கலாம். பெரும்பாலும், மணிக்கணக்காக ஒரே பக்கமாகக் கிடப்பதன் வலியாக இருக்கும். கிடக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். பாட்டி ஒருத்தியால் அது ஆகாது. இழுப்பார். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒரு பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அவருக்கு அடியில் விரியுங்கள். சுருக்கம் கூடாது. பாட்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், ஓரத்தை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கி நகர்த்துங்கள். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் உங்களுக்கும் ஒரு கட்டில் தேவைப்படும். விழுந்துபோன கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். அந்தக் கைக்கு எப்போதும் ஒரு தலையணை கொடுங்கள். முழுக்க ஒருக்களித்தும் போடாதீர்கள், பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்த்து முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. மல்லாக்கப் போடும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். குதிகாலை யாரும் பார்ப்பதில்லை, புண் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

திருப்பும்போதெல்லாம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பாரத்தை எடுத்தால் சரியாகும். அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவே விடக் கூடாது, நர்ஸைக் கூப்பிடுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கறுத்தோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது பாசத்தில் செய்யும் தப்பு. நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் அப்படித்தான், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். மதுரை வெயிலுக்குப் பவுடர் கொட்டினால் வேர்வையில் குழைந்து மணலாக அறுக்கும்.

ஏர் பெட் போட்டிருந்தால் திருப்ப வேண்டாம் என்று விற்கிறவர் சொல்லியிருப்பார். வேண்டும். வால் எலும்புக்கு நேரே பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள், எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும். நல்ல பெட் இருந்து தோலும் தாங்கினால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்பதை நர்ஸ் சொல்லட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இலிருந்து நடக்கிறது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், வீட்டுக்கு வருவார்கள். பிசியோதெரபியும் அதில் உண்டு.

நீங்கள் கேட்டது வேறு, இல்லையா. மரத்துப்போகாமல், உடைந்துபோகாமல். மணிமேகலையில் ஆபுத்திரன் ஊரைவிட்டு விரட்டப்பட்டு உங்கள் மதுரைக்குத்தான் வருகிறான், சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். பகலில் வீடுவீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், பார்க்க ஆளில்லாதவர், நோயாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, பிச்சையோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அட்சயபாத்திரமெல்லாம் அப்புறம்தான். அதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தத் தூக்கம்தான் பெரிதாகப் படுகிறது. ஊரில் அன்றைக்கும் பசித்த வயிறு மிச்சம் இருந்திருக்கும். அவன் தூங்கினான், காலையில் எழுந்து மறுபடி ஓட்டை எடுத்தான்.

அதனால் உங்களுக்கு இரவு 10 மணியும் காலை 6 மணியும் மட்டும். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் காம்பவுண்டில் வேறு ஆட்களைப் பிடியுங்கள். உங்களைப் போன்றவர்கள் முதல் வாரம் ஐந்து முறையும் நானே வருகிறேன் என்பீர்கள். இரண்டாம் வாரம் உடம்பு சரியில்லை. மூன்றாம் வாரம் பாட்டி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் குழாயடிக்கு வேறு நேரத்தில் போவீர்கள். நடுவில் பாட்டி உங்களை நம்பி வேறு ஆள் பார்க்காமல் இருந்திருப்பார்.

போனதும் "ஏதாவது உதவி வேணுமா பாட்டி" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் வேணாம்யா" என்றுதான் சொல்வார். "பத்து மணிக்கு வர்றேன், தாத்தாவத் திருப்பிப் போடுவோம், பழைய வேட்டி ஒண்ணு எடுத்து வைங்க பாட்டி" என்று சொல்லுங்கள். தலையணை அங்கே குறைவாக இருக்கும், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு எடுத்துப் போங்கள்.