விடிஆரில் பஃபர் நிரம்பி வழிவது: வட்டை மாற்றுமுன்

வணக்கம் நண்பரே. இரவு 2 மணிக்கு மேல் இரண்டு எச்டி சேனல்களை விடிஆரில் (லினக்ஸில் டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் மென்பொருள்) பதியும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாகச் சிதறுவதாகவும், லாகில் (நிரலின் பதிவேட்டில்) 'ரிங் பஃபர் ஓவர்ஃப்ளோ', அதாவது டிஸ்க்கில் எழுதுமுன் தரவைத் தேக்கிவைக்கும் நினைவகமான பஃபர் நிரம்பி வழிந்தது என்று வருவதாகவும், புது ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

ஒரு எச்டி சேனல் வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், அது வினாடிக்கு 1 மெகாபைட்தான். பழைய டிஸ்க்கே அதைத் தாங்கும். சராசரி வேகத்தைவிட, எழுதும் வேலை இடையில் சில வினாடிகள் நின்றுபோவதே இங்கு சிக்கலாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்நேரத்திலும் டிவி சிக்னலை வாங்கும் டியூனர் 188 பைட் தரவுப் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டேயிருக்க, பஃபரில் இடமில்லாதவை கைவிடப்படுகின்றன. லாகில் 'டிரைவர் பஃபர் ஓவர்ஃப்ளோ' (டியூனரின் டிரைவரிலுள்ள பஃபர் வழிந்தது) என்றிருந்தால் மட்டும் சிபியு சுமையைப் பாருங்கள்.

உங்கள் கிரான்டேபில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) 2 மணிக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) பேக்கப் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! ஓரிரவு அதை நிறுத்திப் பாருங்கள். அதுவே காரணமென்றால் நேரத்தை மாற்றுங்கள், அல்லது ஆர்சிங்கின் 'பிடபிள்யூலிமிட்' என்ற வேக வரம்புத் தெரிவைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு நிரலின் டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கும் ஐயோநைஸ் கட்டளை, பிஎஃப்க்யூ போல முன்னுரிமையை மதிக்கும் ஷெட்யூலர் (டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் கர்னல் பகுதி) இருந்தால்தான் ஒழுங்காகப் பலன் தரும். பஃபரைப் பெரிதாக்குவது வழிதலைத் தள்ளிப்போடுமே தவிர, தேக்கத்தை நீக்காது. பேக்கப் இல்லாத இரவிலும் சிதறினால், டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டர்' (படிக்க முடியாமல் ஐயத்திலுள்ள பகுதிகள்) எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.