வரலாற்றுச் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் மாதந்தோறும் சொற்பொழிவு நடத்துகிறது. வழக்கமாக வரும் முதியவர்கள் சிலரைத் தவிர வேறு எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த முதியவர்கள்தாம் உங்கள் சங்கத்தின் பெருஞ்செல்வம்; அவர்களைக் கேட்க மட்டுமே உட்காரவைத்திருப்பதுதான் குறை. வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் பத்திரங்களையும் கொண்டுவரச் செய்து, அங்கேயே ஸ்கேன் செய்து, மூலத்தை அன்றைக்கே உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் ஒருநாள் நிகழ்ச்சியை நடத்திப் பாருங்கள். தாத்தாவின் படத்தோடு பேரப்பிள்ளைகளும் வருவார்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கொண்டுவந்தவர் சொல்வதை உடனுக்குடன் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கத்தைக் கெடுத்துவிடக்கூடும். விவரங்களைப் பென்சிலால் உறையின்மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே வைப்பது நல்லது.

அமெரிக்காவின் முதல் வரலாற்றுச் சங்கம் 1791ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காகத் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவித்த ஜெரமி பெல்க்னாப், ஆவணங்கள் தாமாக மடியில் வந்து விழும் என்று வீட்டில் காத்திராமல், இரை தேடும் ஓநாயைப்போல அலைந்து திரிய வேண்டும் என்று நண்பருக்கு எழுதினார். பாதிரியாராக இருந்தவர் ஓநாயைத் துணைக்கு அழைத்தது வேடிக்கைதான். ஆனால், அரங்கில் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் காத்திருக்கும் சங்கங்களுக்கு அந்த அறிவுரை இன்றும் பொருந்தும்.

கேள்வி: முதியோர் நினைவுகளைப் பதிவு செய்தால் அது வரலாறாகுமா? மறதியும் மிகையும் கலந்திருக்குமே?

பதில்: கலந்திருக்கும். எழுத்து ஆவணங்களிலும் எழுதியவரின் சார்பு கலந்தே இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் 1948இல், நினைவுகளைப் பேட்டி கண்டு பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பொதுவாழ்வில் பெயர்பெற்றவர்களையே பெரிதும் பேட்டி கண்டார்கள். தொழிலாளர்கள், பெண்கள், புலம்பெயர்ந்தோர் ஆகியோரின் குரல்கள் இத்துறைக்குள் பரவலாக இடம்பெற்றது பின்னர்தான். ஆவணங்கள் கண்டுகொள்ளாதவர்களைப் பற்றி அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆண்டு, தேதி போன்றவற்றுக்கு நினைவை நம்பாமல் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு வேலை எப்படி நடந்தது, யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பவற்றுக்கு நினைவைத் தாராளமாகக் கேளுங்கள். பதிவை எங்கு வைப்பீர்கள், யார் கேட்கலாம் என்பதை முன்கூட்டியே விளக்கி எழுத்தில் ஒப்புதல் பெறுவதும், வெட்டாத முழுப்பதிவைப் பாதுகாப்பதும் கட்டாயம்.

கேள்வி: நிகழ்ச்சிகளுக்குப் பொருத்தமான நாள்கள் உண்டா?

பதில்: ஏப்ரல் 18 நினைவுச்சின்னங்களுக்கும் வரலாற்று இடங்களுக்குமான பன்னாட்டு நாள். மே 18 அருங்காட்சியக நாள். ஜூன் 9 ஆவணக் காப்பக நாள். பன்னாட்டு ஆவணக் காப்பகப் பேரவை 1948இல் தொடங்கப்பட்ட தேதி அது. மேலே சொன்ன ஸ்கேன் நிகழ்ச்சிக்கு இந்த மூன்றாவது நாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: ஊரின் பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் வரலாற்று நடைப்பயணத்தில் செவிவழிக் கதைகளைச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால், எது சான்றுள்ளது, எது ஊரார் சொல்வது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். கூட்டம் பெரிதானால் இரண்டு அணிகளாகப் பிரித்துவிடுங்கள். பின்னால் வருபவர்களுக்குக் கதை மட்டும் கேட்டு, "இதற்குச் சான்றில்லை" என்பது கேட்காமல் போய்விடும்.