ரேஷன் கடையில் முகம் திருப்பிய தாய்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கால்பந்து கிளப் அணியில் ஃபார்வர்டு. போன மாதம் லீக் ஆட்டம் ஒன்று 1-1 என்று போய்க்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே பெனால்டி பாக்ஸுக்குள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பெனால்டி கிடைத்தது, ஜெயித்தார்கள். கோச் தட்டிக்கொடுத்தார். என் கணவர் ‘சாமர்த்தியம்’ என்கிறார். அடுத்த ஞாயிறு ஆட்டங்களைப் பார்க்க மாவட்ட அணித் தேர்வாளர்கள் வந்து இவன் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். இது பழக்கமாகி, ‘டைவ் அடிக்கிறவன்’ என்று பெயர் வாங்கி, எதிர்காலம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அன்று இவன் விழுந்ததற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறி, அடுத்த ஆட்டத்துக்கும் தடை வாங்கிய எதிரணி டிஃபெண்டர் பையன் பக்கத்துத் தெருதான். அவன் அம்மா இப்போது ரேஷன் கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது வேறு கதை. மகனை எப்படித் திருத்துவது?

- ஒரு தாய், சென்னை

பதில்: அந்த ‘வேறு கதை’யிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கடைசியில், ஏதோ அக்கம்பக்கத்துச் சண்டை போல அதை எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பையனுக்கு அடுத்த ஆட்டம் தடை. அடுத்த ஞாயிறுதான் தேர்வாளர்கள் வந்தார்கள். இரண்டையும் நீங்களே எழுதிவிட்டு, சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் மகன் பெயர் குறிக்கப்பட்ட நாளில், செய்யாத தப்புக்கு அந்தப் பையன் வெளியே உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா முகத்தைத் திருப்பாமல் வேறென்ன செய்வார்? நானாக இருந்தால் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டிருப்பேன்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பரீட்சையில் பிட் அடித்த பிள்ளை, கடை கல்லாவில் கை வைத்த பிள்ளை என்று மாறி மாறி வரும். எல்லாவற்றிலும் பெற்றவர்களின் கேள்வி ஒன்றுதான்: என் பிள்ளை பெயர் கெட்டுவிடுமா? யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் குறைவு. கால்பந்தில் டைவ் அடிப்பதை ‘நடுவரை ஏமாற்றுவது’ என்றே பேசிப் பழகிவிட்டோம். நடுவருக்கு அதில் என்ன போயிற்று? அட்டை வாங்குபவன் எதிரே நிற்கிற பையன்.

2002 உலகக் கோப்பை, உல்சான் மைதானம், பிரேசிலும் துருக்கியும். ஆட்டம் முடியும் நேரம். ரிவால்டோ கார்னர் அடிக்க நிற்கிறார். துருக்கியின் ஹக்கான் உன்சால் பந்தை அவரை நோக்கி வேகமாக உதைக்கிறார். உதைத்தது தவறுதான், மறுக்கவில்லை. பந்து பட்டது ரிவால்டோவின் காலில். அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், அப்புறம் சிவப்பு. ரிவால்டோவுக்கு ஃபிஃபா பிறகு போட்டது வெறும் அபராதம். ஒரு ஆட்டம்கூடத் தடை இல்லை. கடைசியில் கோப்பையும் கையில். இன்றைக்கும் அந்தச் சம்பவத்தை ‘ரிவால்டோ டைவ்’ என்றுதான் சொல்கிறோம். உன்சால் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா, கேட்டுப் பாருங்கள்.

‘சாமர்த்தியம்’ என்ற உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1989-ல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் சிலியின் கோல்கீப்பர் ராபர்ட்டோ ரோஹாஸ், பக்கத்தில் விழுந்த தீப்பந்தம் தன்னைத் தாக்கியதாக நடித்தார். கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடால் தன் முகத்தைத் தானே கீறிக்கொண்டார். அவருக்கு வாழ்நாள் தடை விழுந்தது, 2001-ல்தான் நீக்கினார்கள். சிலி 1994 உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றில்கூட ஆட முடியாமல் போனது. பிளேடைத் தொட்டுக்கூடப் பார்க்காத எத்தனையோ ஆட்டக்காரர்களின் கனவு அதோடு போயிற்று.

2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெய்மார் விழுந்து வாங்கிய பெனால்டியை நடுவர் வீடியோ பார்த்து ரத்து செய்தார். உங்கள் ஊர் மைதானத்தில் அந்தக் கேமரா கிடையாது. அங்கே நடந்ததை நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் விழுந்தவன் ஒருவன்தான். ஜெர்மனியில் 2014-ல் வெர்டர் பிரேமன் அணியின் ஆரோன் ஹன்ட், நியூரம்பெர்க்குக்கு எதிராக பாக்ஸுக்குள் விழுந்தார். நடுவர் பெனால்டி கொடுத்தார். சில நொடிகளில் ஹன்ட் எழுந்து நடுவரிடம் போய், தன்னை யாரும் தள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். பெனால்டி ரத்து. அவரும் முதலில் விழுந்தவர்தான், அம்மா. உங்கள் மகனுக்கு நான் காட்ட விரும்பும் ஆள் அவர். அந்தச் சில நொடிகளைத் தாண்டி இவன் ஒரு மாதம் போய்விட்டான், அதனால் வேலை கூடுதல்.

நம் பிள்ளையால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நஷ்டம் என்றால், அந்த வீட்டுப் படியை முதலில் ஏற வேண்டியவர்கள் பெற்றவர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிவிட்டு, ஊரான் பிள்ளையை மைதானத்துக்கு வெளியே அனுப்பினதற்குக் கை தட்டக் கூடாது. உங்கள் கணவரும் கட்டாயம் வர வேண்டும். சாமர்த்தியம் என்று அவர் சொன்னதைப் பையன் கேட்டிருக்கிறான். தப்பு என்று சொல்வதையும் அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

பேச வேண்டியது உங்கள் மகன். அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும், “அவன் என்னைத் தொடவில்லை, நானாகத்தான் விழுந்தேன்” என்று சொன்னால் போதும். ஸ்வீட் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள்.

அதோடு முடியவில்லை. கோச்சிடமும் அந்தத் தேர்வாளர்களிடமும் இதையே அவன் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு ஆட முடியாமல் போனவனை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். தன் பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயப்படுவான். அடிக்கலாம். அப்படி அடித்தாலும் வீட்டில் ஒருவரும் அவனைக் குறை சொல்லக் கூடாது. ‘சும்மா விடு, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று கோச் சொன்னால் வேறு கோச்சைத் தேடுங்கள்.

மாவட்டத் தேர்வு என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அது முடிந்த பிறகு போனால் அந்தப் பையனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த வாரமே போங்கள்.