குரோஷே முதுகுப்பை: ஏமாந்தவர்களும் அவசரப்பட்டவர்களும்

போன முறை பூச்சதுரம் வைத்துப் பின்னும் குரோஷே முதுகுப்பை பற்றி ஒருவர் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனேன். (புதியவர்களுக்கு: குரோஷே என்பது ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னுவது. பூச்சதுரம் என்பது நடுவில் பூ வைத்துப் பின்னும் சதுரத் துண்டு, அவற்றை இணைத்தால் பை.) அது போதவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், என்னைத் திட்டியவற்றையும் சேர்த்து.

கேள்வி: ‘முழுக்கக் கையால் பின்னியது’ என்று போட்டிருந்த பூச்சதுரப் பையை இணையத்தில் வாங்கினேன். வந்தது, சதுரங்களின் படம் அச்சடித்த துணிப்பை. ‘படம் மாதிரிக்குத்தான்’ என்கிறார் விற்றவர். நான்தான் சரியாகப் படிக்கவில்லையோ?

பதில்: சரியாகத்தான் படித்தீர்கள். கையால் பின்னியது என்று எழுதிவிட்டு அச்சுத்துணி அனுப்புவதற்குப் பெயர் பொய். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

முதல் வேலையாக அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன கொஞ்ச நேரத்தில் ‘கையால்’ என்ற சொல் அங்கிருந்து காணாமல் போனாலும் போகும். அப்புறம் பையின் முன்பக்கம், உள்பக்கம், பார்சல்மேல் ஒட்டிய சீட்டு மூன்றையும் படமெடுங்கள். புகாரில் ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். பிடிக்காத பொருளைத் திருப்பி எடுப்பதைக் கடைக்காரர் தயவாக நினைத்துக்கொள்வார். ‘விவரித்த பொருள் வரவில்லை’ என்று எழுதுங்கள். விற்றவர் இழுத்தடித்தால் விற்பனைத் தளத்துக்கும், அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கும் இதே வாசகத்தோடு போங்கள். நடுவில், ‘பாதிப் பணம் தருகிறோம், பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சமரசம் வரலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: குரோஷே பையை வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: பை இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

கேள்வி: காசு கொடுத்து ஒரு பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, வாங்கினேன் அக்கா. படம் கண்ணைப் பறிக்கிறது. குறிப்பைப் பார்த்துப் பின்னினால் பூ சுருண்டு கிண்ணமாகிவிடுகிறது. நான்கு முறை பிரித்துவிட்டேன். நான் புதிது, தப்பு என்னுடையதுதானே?

பதில்: இல்லையம்மா. நீங்கள் அனுப்பிய பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில் 12 தையல். இரண்டாம் சுற்றில் ‘ஒரு தையலில் இரண்டு, அடுத்ததில் ஒன்று’ என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் 18 வரும். வரி முடிவில் 24 என்று எழுதியிருக்கிறது. தையல் குறைந்தால் வட்டம் கிண்ணமாகும், கூடினால் ஓரம் அலை அலையாக நெளியும். குறிப்பில் இருந்த தப்பை உங்கள் கை அச்சுப் பிசகாமல் பின்னியிருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தையும் பாருங்கள். ஒரு பூவுக்கு ஆறு இதழ், பக்கத்துப் பூவுக்கு ஏழு. ஒரே குறிப்பில் பின்னிய சதுரங்களில் இப்படி வராது. செயற்கை நுண்ணறிவில் வரைந்த படம் என்றே நினைக்கிறேன். இப்படி விற்பவர்கள்மேல் எனக்கு வருகிற கோபத்தை அச்சில் போட முடியாது. பணத்தைக் கேளுங்கள். அந்த 18க்கும் 24க்கும் உள்ள கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள், வாதாட அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை பேட்டர்ன் வாங்குமுன், பையின் உள்பக்கப் படம் இருக்கிறதா, கொக்கி அளவும் நூல் கனமும் எழுதியிருக்கிறார்களா, வேறு யாராவது பின்னி முடித்த படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் நகருங்கள்.

கேள்வி: நூலும் குறிப்பும் சேர்ந்த, பை பின்னும் கிட் வாங்கினேன். சதுரம் 12 சென்டிமீட்டர் வரும் என்று போட்டிருந்தது, எனக்கு 8தான் வருகிறது. குறிப்பைப் படிக்கப் பொறுமையில்லாமல் ஒரு வீடியோ பார்த்துப் பின்னினேன். ஒன்பது சதுரம் முடித்தாயிற்று. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கேட்கவும் கேட்காதீர்கள்.

நீங்களே அனுப்பிய படத்தில், கிட்டின் முதல் பக்கத்தில் ‘அமெரிக்க முறை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த வீடியோ பிரிட்டிஷ் முறை. அமெரிக்கர் டபுள் குரோஷே என்னும் தையலை பிரிட்டனில் டிரெபிள் என்பார்கள். பிரிட்டனின் டபுள், அமெரிக்காவில் சிங்கிள். அது உயரத்தில் அமெரிக்க டபுளில் ஏறக்குறைய பாதி. பாதி உயரத் தையலில் பின்னினால் சதுரம் எப்படி வளரும்? குறிப்பில் ‘சிங்கிள் குரோஷே’ என்று கண்டாலே அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம், இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

முதல் சதுரம் முடிந்ததும் ஸ்கேலை வைத்து அளந்திருந்தால் எட்டு சதுரம் மிச்சமாகியிருக்கும். சரி, பிரித்துப் பின்னுங்கள். நூல் வீணாகாது, மாலைப் பொழுதுகள்தான் வீண்.

கேள்வி: ஒரே கடை, ஒரே நிற எண். இரண்டாவது முறை வாங்கிய நூல் ஒரு சாயல் வெளிறியிருக்கிறது. கடைக்காரர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். இன்னொன்று, சிவப்புப் பூவின் சாயம் போகாமலிருக்க வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: நிற எண் வேறு, சாயத் தொகுதி எண் வேறு. ஒரு முறை சாயத்தில் முக்கி எடுத்த நூலுக்கெல்லாம் ஒரே தொகுதி எண். அடுத்த முறை முக்கியது கொஞ்சம் மாறத்தான் செய்யும். சீட்டில் இரண்டு எண்ணும் இருக்கும். கடைக்காரர்மேல் தப்பில்லை, ஆனால் விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொத்த நூலையும் ஒரே தடவையில் வாங்குவதுதான் வழி. எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரு சதுரம் பின்னி எடை போடுங்கள், சதுரங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், இணைப்புக்கும் தவறுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். பிரிக்காத கண்டுகளைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வினிகர் பருத்திக்கு உதவாது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்தோடு அதற்கு உறவு உண்டு, பருத்தியில் போடும் சாயம் வேறு ரகம். பின்னுவதற்கு முன்பே ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. சீட்டே இல்லாத சிவப்பு நூலைத் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு வந்து, என் முதல் பையைப் பின்னினேன். மழையில் மாட்டிக்கொண்டு நடந்த அன்று என் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஆறு ரோஜாக்கள் பூத்திருந்தன. சட்டையின் விலை, தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பின்னி விற்கும் முதுகுப்பைக்குச் சொல்லும் விலையில், இணையத்தில் அதே மாதிரி ஐந்து பை வாங்கலாம். நூல் விலை எனக்குத் தெரியும். அடிப்பது கொள்ளைதானே?

பதில்: நூல் விலை தெரிந்தவருக்கு நேரக் கணக்கு தெரியவில்லை. நான் போட்டுக் காட்டுகிறேன். 12 சென்டிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு, பக்கவாட்டில் மும்மூன்று, அடியில் இரண்டு, மூடிக்கு நான்கு. ஆக 24. நடுவில் பூ எழும்பி நிற்கும் சதுரம் ஒன்றுக்குப் பழகிய கைக்கே 40 நிமிடம் என்றால் 16 மணி நேரம். பை இன்னும் பையாகவில்லை. சதுரத்துக்கு மூன்று நிறம் என்றால் நூல் நுனி ஆறு. 24 சதுரத்துக்கு 144 நுனி. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். அப்புறம் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைப்பது, இணைப்பது, லைனிங், ஜிப், வார். இதற்கெல்லாம் கூலி கேட்டால் கொள்ளையா?

மெஷினில் போட்டால் மலிவாகாதா என்பீர்கள். என் பழைய எரிச்சல் இங்கேதான் கிளம்புகிறது. ஸ்வெட்டர் போடும் ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். குரோஷேக்கோ, கடைச் சரக்கைப் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை இல்லை. ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசிமேல் காத்திருக்கும், இயந்திரம் அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். குரோஷேயில் ஒவ்வொரு தையலும் அங்கேயே முடிந்துவிடும், அடுத்து கொக்கி எங்கே நுழைய வேண்டும் என்று கண்ணும் விரலும் தேடிப் பிடிக்க வேண்டும். ஜவுளித் தொழிலில் ‘குரோஷே மெஷின்’ என்று ஒன்று ஓடத்தான் செய்கிறது. அது லேசும் எலாஸ்டிக் நாடாவும் போடும் வேறு பின்னல். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ஆகவே ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் அந்தப் பை நிஜமான குரோஷே என்றால், அதையும் எங்கோ ஒருவர் இதே 24 சதுரமாகப் பின்னியிருக்கிறார். விற்பவர், அனுப்புபவர், தளம் எல்லோரும் எடுத்தது போக அவர் கைக்கு என்ன போயிருக்கும்? நானும் ஒரு காலத்தில் பேரம் பேசி, விலையைப் பாதியாக்கி, குரோஷே மேசைவிரிப்பு வாங்கிப் பெருமையாகக் காட்டியவள்தான். பிறகு பின்னக் கற்றுக்கொண்டு அதன் ஒரு மூலையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அந்த விரிப்பை இப்போது மேசைமேல் போடுவதில்லை.

விலை கட்டவில்லையென்றால் வாங்காதீர்கள். அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: கடையில் நின்றபடி, நிஜக் குரோஷேயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சதுரத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்ந்திருக்க வேண்டும், எங்காவது ஒரு நூல் நுனி எட்டிப் பார்க்க வேண்டும். சதுரங்களுக்கு நடுவே இணைப்பே இல்லாமல் ஒரே துணியாக ஓடினால் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரிக்குப் போகும் மகளுக்கு வாங்கிக் கொடுத்த பை. லேப்டாப் வைத்து இரண்டு வாரத்தில் வார் இழுத்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. தரம் சரியில்லை என்று கேட்கலாமா?

பதில்: லேப்டாப் தாங்கும் என்று எழுதி விற்றிருந்தால் கேளுங்கள். எழுதவில்லையென்றால் அது புத்தகமும் தண்ணீர் பாட்டிலும் வைக்கும் பை. பின்னிய வார் எதுவானாலும் பாரத்தில் நீளும். அதைப் பிரித்துவிட்டு, கெட்டியான பருத்தி நாடா வார் போடச் சொல்லுங்கள். பின்னல்மேல் தைத்தால் மறுபடி இதே கதைதான். உள்ளே கேன்வாஸ் லைனிங் கொடுத்து, அதோடு சேர்த்துத் தைக்க வேண்டும். லைனிங் பையைவிட ஒரு விரல் குறைவாக இருந்தால் பாரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: லைனிங் இல்லாத பை பரவாயில்லையா?

பதில்: சாவி, பேனா, சில்லறை எதுவும் வைக்காத ஆளா நீங்கள்?

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் இரண்டாவது பை எப்படி வந்திருக்கிறது?

பதில்: 24இல் 19 சதுரம் முடிந்தது. நூல் தீர்ந்துவிட்டது. அந்தத் தொகுதி எண் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.