பாகற்காய்ச் சாறும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: திருவையாறு அருகே விவசாயம் செய்கிறேன்; வயது 56. சர்க்கரை நோய்க்காகக் காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். கொல்லைப் பந்தலில் பாகல் நிறையக் காய்ப்பதால், சில வாரங்களாக வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடிக்கிறேன். முற்பகலில் வியர்வையும் கைநடுக்கமும் வருகின்றன. மாத்திரையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் தொடரலாமா?

பதில்: கூடாது. நிறுத்த வேண்டியது சாற்றைத்தான். நீங்கள் சொல்லும் வியர்வையும் நடுக்கமும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. அதனுடன் சாறும் சேர்ந்து, வயல் வேலையில் காலை உணவும் தள்ளிப்போனால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க வாய்ப்புண்டு. மீண்டும் அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் அளந்து பாருங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் குடித்துவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். சாற்றை விட்ட பின்னும் மாத்திரையின் அளவு உங்களுக்கு அதிகமாக இருக்கக்கூடும் என்பதால், இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

பாகற்காயிலுள்ள சாரன்டின் போன்ற பொருட்கள் விலங்குகளில் சர்க்கரையைக் குறைத்தது உண்மை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளோ சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. மேலும், மாத்திரைக்கு அளவு உண்டு. சாற்றின் வீரியமோ ரகத்துக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி மாறும்.

காயாகத் தாராளமாகச் சாப்பிடலாம். தஞ்சாவூர்ப் பிட்லையில் துவரம்பருப்பு சேர்வது நல்லதே. வெல்லத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்டுக் காயவைத்து எண்ணெயில் பொரிக்கும் மிதிபாகல் வற்றல் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. ஆனால், பாகற்காய்தான் சாப்பிட்டோமே என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளும் கணக்கு நம் பக்கத்து வீடுகளில் அதிகம்; உங்கள் சர்க்கரை அளவைத் தீர்மானிப்பதில் அந்தச் சோற்றுக்கே பெரும் பங்கு.

சொந்தப் பந்தலில் பழ ஈ தாக்கினால் உடனே மருந்தடிக்க வேண்டாம். பிஞ்சுகளைக் காகித உறையால் மூடி, விழுந்த காய்களை ஆழமாகப் புதைத்தாலே தாக்குதல் நன்கு குறையும். அடித்தே தீரவேண்டுமானால், பூச்சிமருந்துப் புட்டியின் மேல் குறித்துள்ள நாட்கள் கழிந்த பிறகே காய் பறியுங்கள்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கும் இந்தச் சாறு வேண்டாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பரம்பரைக் குறைபாடு) உள்ளவர்கள் விதையை உண்ணக் கூடாது. பழுத்து வெடித்த காயின் சிவந்த விதைகள் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.